கோழிக்கு உயிர் கொடுத்த கதை: ‘என்லைவன்’ என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக மாற்றிய புதிதில், அவர்களுக்கு ஆங்கிலத்தில் மெனு கார்டு எழுதித் தருகிற வேலை எனக்கு வந்தது. அப்போது எனக்கு ஒரு வியாதி இருந்தது. சின்னச் சொல் போதும் என்கிற இடத்திலும் அகராதியைப் புரட்டிப் பெரிய சொல்லாகத் தேடிப் பிடித்துப் போடுவேன். கோழி வறுவலுக்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்றார்கள். எங்கள் மசாலா சேர்ந்தால் கோழிக்கே ஒரு தனிக் களை வந்துவிடும், அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அகராதியில் ‘என்லைவன்’ கிடைத்தது. உயிரூட்டு, உற்சாகமூட்டு என்று பொருள் போட்டிருந்தது. பிரமாதம் என்று எழுதிவிட்டேன்: ‘அவர் குக் வில் என்லைவன் யுவர் சிக்கன்’, அதாவது எங்கள் சமையல்காரர் உங்கள் கோழிக்கு உயிரூட்டுவார்.

முதல் வாரமே லண்டனிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா கார்டைப் படித்துவிட்டு, சமையல்காரரை வரவழைத்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், தனக்கு உயிர் இல்லாத கோழியே போதும் என்று சொன்னாராம். சமையல்காரருக்குப் பாதிதான் புரிந்தது. “இங்க உயிரோட எதையும் பரிமாறுறதில்லம்மா” என்று தமிழிலேயே சத்தியம் செய்திருக்கிறார்.

இப்போது காரைக்குடியில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். விடுதி ரிசப்ஷனில் நிற்கிற பிள்ளைகள், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்கள், டூரிஸ்ட் கார் ஓட்டுகிற அண்ணன்மார் என்று கலவையான கூட்டம். புதிதாக ஒரு பேட்ச் சேரும்போதெல்லாம் இந்தக் கோழிக் கதையில்தான் ஆரம்பிப்பேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் கூடவே பத்துப் பதினைந்து சொற்கள் சேர்ந்து வந்துவிடும்.

முதலில் பொருள். உயிரூட்டு என்று அகராதி சொல்வது தப்பில்லை, ஆனால் ஆளை ஏமாற்றும். செத்துக் கிடப்பதற்கு உயிர் கொடுப்பது என்லைவன் ஆகாது. ஒன்று ஏற்கெனவே உயிரோடுதான் இருக்கிறது, நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் மந்தமாக, சப்பென்று இருக்கிறது. அதில் எதையோ சேர்த்ததும் கலகலப்பாகிவிட்டது. அதற்குத்தான் என்லைவன். சங்கக் கூட்டம் ஒன்று நடக்கிறது, வரவு செலவு வாசிக்கிறார்கள், பாதிப் பேர் ஃபோனைப் பார்க்கிறார்கள், அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து பர்மாவில் கடை வைத்திருந்த தன் ஐயாவைப் பற்றி ஒரு கதையை எடுத்துவிட, எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அந்தக் கதை கூட்டத்தை என்லைவன் செய்துவிட்டது.

மயங்கி விழுந்தவருக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பினால் அது ‘ரிவைவ்’. நின்றுபோன ஆலையைத் திரும்ப ஓட வைத்தாலும் ரிவைவ்தான். அழுதுகொண்டிருக்கிற சிநேகிதியைத் தேற்றுவது ‘சியர் அப்’. இந்த மூன்று இடத்திலும் என்லைவன் உட்காராது.

தமிழில் இதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது: களைகட்டு. ‘கல்யாண வீடு களைகட்டிவிட்டது’ என்கிறோமே, அதேதான். களைகட்டுவதற்கு முன்னாலும் வீடு அங்கேதான் நின்றது. கல்யாணம் வந்ததும் அதன் முகம் மாறியது. ஆங்கில வாக்கியம் எழுதுவதற்கு முன்னால் ‘களைகட்ட வைத்தது’ என்று தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். ஒட்டினால் என்லைவன் போடலாம். ‘சமையல்காரர் உங்கள் கோழியைக் களைகட்ட வைப்பார்’ என்று சொன்னால் நமக்கே சிரிப்பு வருகிறதல்லவா.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சாப்பாட்டுக்கு இந்தச் சொல்லே ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். வெறும் பருப்பில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அந்தச் சாறு பருப்பை என்லைவன் செய்கிறது என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதலாம், சூப்புக்கும் சாலட்டுக்கும் எழுதலாம். கோழிதான் மாட்டிவிட்டது, ஏனென்றால் ஒரு காலத்தில் அது நிஜமாகவே உயிரோடு ஓடியது.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். எழுத்துக் கூட்டினால் ஈ, என், எல், ஐ, வி, ஈ, என். நடுவில் இருப்பது லைஃப், அதாவது உயிர், வாழ்வு. லைஃப் பன்மையில் லைவ்ஸ் ஆகிறதே, ஒயிஃப் ஒயிவ்ஸ் ஆகிறதே, அதே மாதிரி இங்கேயும் ஃப் போய் வ் வந்திருக்கிறது. முன்னால் ஒரு ‘என்’, பின்னால் ஒரு ‘என்’. இந்த இரண்டுமே ‘ஆக்கு’, ‘ஊட்டு’ என்ற வேலையைச் செய்கிறவை. முன்னால் வருவதற்கு நம் ‘ஊட்டு’ அச்சாகப் பொருந்தும். கரேஜ் என்றால் ஊக்கம், என்கரேஜ் என்றால் ஊக்கமூட்டு. ரிச் என்றால் வளமான, என்ரிச் என்றால் வளமூட்டு. ரேஜ் என்றால் கோபம், என்ரேஜ் என்றால் கோபமூட்டு. லைஃபிலிருந்து என்லைவன், உயிரூட்டு. பின்னால் வருகிற ‘என்’ வைட் என்பதை வைடன் ஆக்கும், ஷார்ப்பை ஷார்ப்பன் ஆக்கும், ஸ்வீட்டை ஸ்வீட்டன் ஆக்கும். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வருகிற சொற்கள் கொஞ்சம்தான், என்லைட்டன் என்பது இன்னொன்று. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் வகுப்பில் ஒரு பிள்ளை, “சார், அப்ப ஊட்டுனா சோறு ஊட்டுறதுதானே?” என்று கேட்டது. ஆமாம், அதேதான். உண் என்பதன் பிறவினைதான் ஊட்டு. அது சாப்பிட்டால் உண், அதை நாம் சாப்பிட வைத்தால் ஊட்டு.

அந்தப் பிள்ளை கேட்டது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அடுத்த விஷயத்துக்கு அதுவே வாசல். அதற்கு முன்னால் உச்சரிப்பை மட்டும் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: என்-லை-வன், அழுத்தம் நடுவில், ‘லைவ் டெலிகாஸ்ட்’ என்று சொல்கிற அதே லை. ‘லிவ்’ என்று சொன்னால் வாழ்வது, குடியிருப்பது என்ற வேறு சொல்லின் வாடை அடிக்கும். ரிசப்ஷனில் இருக்கிற மாணவி ஒருத்தி வந்த விருந்தாளிகளிடம், நீங்கள் வந்து வீட்டையே களைகட்ட வைத்துவிட்டீர்கள் என்று சொல்ல நினைத்து ‘யூ லிவன்ட் அப் தி ஹவுஸ்’ என்று சொல்லிவிட்டாள். அவர்கள் குழம்பிப்போய், தாங்கள் இந்த வீட்டில் குடியிருந்ததே இல்லையே, நேற்றுத்தானே வந்தோம் என்றார்களாம்.

இனி தன்வினை, பிறவினை. பள்ளிக்கூடத்தில் திருந்து, திருத்து என்று படித்தது இங்கேதான் உதவிக்கு வருகிறது. பையன் திருந்தினான் என்றால் தன்வினை. வாத்தியார் பையனைத் திருத்தினார் என்றால் பிறவினை, யாரை என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். என்லைவன் எப்போதுமே பிறவினை. ‘எதை?’ என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதில் இருந்தே ஆக வேண்டும். அதன் பேச்சுவழக்குத் தம்பி ‘லைவன் அப்’ இருக்கிறதே, அது இரண்டு பக்கமும் போகும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் பெரிய பெரிய வீடுகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். சொந்தக்காரர்கள் சென்னையில், மலேசியாவில், சிங்கப்பூரில். சாவிக்கொத்து ஒரு காவல்காரரிடம். முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனால், நடுமுற்றத்தில் விழுந்த சருகு காய்ந்து கிடக்கும், சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஒன்று என்று கணக்குப் பண்ணிக் கட்டியவை, எல்லாவற்றிலும் பூட்டு. தேக்குத் தூணில் கை வைத்தால் தூசி ஒட்டும். அப்புறம் ஒருநாள் யாருக்கோ அறுபதாம் கல்யாணம் என்று சேதி வரும். முதல் நாள் தரையைக் கழுவுவார்கள், தரைக்கல்லில் இருக்கிற சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான பூக்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வரும். மறுநாள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் அடுப்பு மூட்டி, வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிற எண்ணெய் வாசம் தெரு வரைக்கும் வரும். ஆச்சிமார் பட்டாலையில் உட்கார்ந்து கொட்டான் என்கிற ஓலைக்கூடையில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள், பேரப்பிள்ளைகள் வளவைச் சுற்றி ஓடி எதையாவது உடைப்பார்கள்.

இதை எழுதப் போகிறோம். ‘வளவு களைகட்டியது’ என்பது தன்வினை: ‘தி ஹவுஸ் லைவன்ட் அப்’. சரியான வாக்கியம். ‘பேரப்பிள்ளைகள் வீட்டைக் களைகட்ட வைத்தார்கள்’ என்பது பிறவினை: ‘தி சில்ட்ரன் லைவன்ட் அப் தி ஹவுஸ்’ என்றும் சொல்லலாம், ‘தி சில்ட்ரன் என்லைவன்ட் தி ஹவுஸ்’ என்றும் எழுதலாம். ஆனால் ‘தி ஹவுஸ் என்லைவன்ட்’ என்று நிறுத்திவிட்டால் ஆங்கிலக் காது எதை, எதை என்று காத்துக்கொண்டே நிற்கும், வாத்தியார் திருத்தினார் என்று மொட்டையாக விட்ட மாதிரி. அந்த வீடே மையமாக இருக்க வேண்டும் என்றால் செயப்பாட்டுவினைக்குப் போங்கள்: ‘தி ஹவுஸ் வாஸ் என்லைவன்ட் பை தி சில்ட்ரன்’. எழுத்தில் இந்த வடிவத்தை அடிக்கடி பார்ப்பீர்கள்.

லைவன் அப் போடும்போது அந்த ‘அப்’ இருக்கிறதே, அதற்குக் கால் உண்டு, நகரும். லைவன் அப் தி ஹவுஸ், லைவன் தி ஹவுஸ் அப், இரண்டும் சரி. ஆனால் வீட்டை ‘இட்’ என்று சுருக்கிவிட்டால் அப் கடைசிக்குத்தான் போக வேண்டும், லைவன் இட் அப். ‘லைவன் அப் இட்’ தப்பு. என்லைவனுக்கு அப் சேர்க்கவே கூடாது. நம் ஆட்கள் இரண்டையும் கலந்து ‘என்லைவன் அப்’ என்று ஒன்றைப் படைத்துவிடுகிறார்கள், அது சட்டைக்கு மேல் சட்டை.

இன்னொரு இடம், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆத்தங்குடித் தரைக்கல்லால் கூடத்துக்கே ஒரு களை வந்துவிட்டது என்று நாம் பேசுவோம். கல்லை ‘ஆல்’ போட்டு ஓரமாக வைப்போம், களை தானாக வருகிற மாதிரி சொல்வோம். ஆங்கிலமோ அந்தத் தரைக்கல்லையே எழுவாயாக்கிவிடும்: ‘தி ஆத்தங்குடி டைல்ஸ் என்லைவன் தி ஹால்’. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து, சூளையே இல்லாமல் செய்கிற ஒரு கல், அது போய் ஒரு கூடத்தை ஏதோ செய்துவிட்டது என்கிற பாவனை. உயிரில்லாத பொருள் செய்கிறவராக வருவது ஆங்கிலத்தில் சர்வசாதாரணம். கதை, வண்ணம், வெளிச்சம், பாட்டு, நகைச்சுவை, இவையெல்லாம் என்லைவன் செய்யும். ஆள் செய்தார் என்றால், எதைக் கொண்டு செய்தார் என்பதை ‘வித்’ போட்டுச் சொல்வோம்: ‘ஷி என்லைவன்ட் தி டூர் வித் எ ஸ்டோரி’. செய்யப்படுகிற பக்கத்தில் பெரும்பாலும் பேச்சு, வகுப்பு, அறை, மாலைப் பொழுது, பயணம், பக்கம் என்பவைதான் வரும்.

கைடு வேலை பார்க்கும் ஒரு மாணவரிடம் இந்த மாதிரி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். முத்துவெள்ளை பூசிய சுவர் வெறிச்சென்று இருக்கிறது, மேலே பெல்ஜியம் கண்ணாடி இருக்கிறது, அதைப் பற்றி எழுதுங்கள் என்றேன். ‘தி மிரர் என்லைவன் தி வால்’ என்று எழுதியிருந்தார். ஒருமைக்கு உரிய ‘ஸ்’ விட்டுப்போனதைத் தவிரப் பிழையே இல்லை. எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைவாக இருந்தது.

லைவ்லி என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் ‘லி’ இருப்பதால் ஸ்லோலி, குயிக்லி மாதிரி வினையை விவரிக்கிற சொல் என்று நினைத்து ‘ஹி ஸ்போக் லைவ்லி’ என்று எழுதுவார்கள். லைவ்லி பெயரோடு போகிற சொல், எ லைவ்லி ஸ்பீச், எ லைவ்லி கேர்ள். பேசியதைச் சொல்ல வேண்டுமானால் ‘இன் எ லைவ்லி வே’ என்று சுற்றித்தான் வர வேண்டும்.

அப்புறம் இந்தக் குடும்பத்தில் மசாலாப் பக்கம் ஒரு கிளை இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ளாமல் இருந்தால் அநியாயம். முதல் ஆள் ‘ஸ்பைஸ் அப்’. ஸ்பைஸ் என்ற சொல் லத்தீன் ஸ்பீஷீஸ் என்பதிலிருந்து வந்தது. வகை என்பதோடு, பிற்காலத்தில் வணிகச் சரக்கு என்ற பொருளும் அதற்கு இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலியைச் சரக்கு என்கிறோமே, அதே பார்வை. ஸ்பைஸ் அப் என்றால் காரசாரமாக்குவது. குழம்புக்கும் போடலாம், சலித்துப்போன தினசரி வேலைக்கும் போடலாம். ஆனால் செய்தியையோ சம்பவத்தையோ ஸ்பைஸ் அப் செய்தார் என்றால் மசாலா சேர்த்துச் சொன்னார் என்று ஆகிவிடும், அதாவது கொஞ்சம் புளுகு. கணவன் மனைவி வாழ்க்கையை ஸ்பைஸ் அப் செய்வது என்று பத்திரிகைகளில் வரும், அதன் அர்த்தம் வேறு, அலுவலகக் கடிதத்தில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது ‘பெப் அப்’. பெப் என்பது பெப்பர் என்பதன் சுருக்கம். அமெரிக்காக்காரர்கள் வெட்டிக் குட்டையாக்கியது. பெப்பர் லத்தீனில் பைப்பர், கிரேக்கத்தில் பெப்பெரி, அதற்கும் முன்னால் வடமொழியில் பிப்பலி. பிப்பலி யார் என்றால் நம் திப்பிலி! சளி பிடித்தால் அப்பத்தா இடித்துப் போடுகிற அதே திப்பிலி ஊர் ஊராகச் சுற்றி, மிளகுக்குத் தன் பெயரைக் கொடுத்து, கடைசியில் களைத்துப்போன ஆளைத் தெம்பாக்குவதற்கு ஒரு வினைச்சொல்லாகித் திரும்பி வந்திருக்கிறது. விளையாட்டில் தோற்றுக்கொண்டிருக்கிற அணிக்கு இடைவேளையில் கோச் பேசுவாரே, அது பெப் டாக்.

மூன்றாவது ‘ஜிஞ்சர் அப்’, சுறுசுறுப்பூட்டுவது. இது பிரிட்டிஷ் பேச்சு, இப்போது அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. ஜிஞ்சரின் பூர்வீகம் இஞ்சி வேர் என்ற திராவிடச் சொல் என்று ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. அது வினைச்சொல்லான கதைதான் கொஞ்சம் கூச்சமானது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரை வியாபாரிகள் சோம்பலான குதிரையின் பின்புறத்தில் இஞ்சித் துண்டைச் செருகிவிடுவார்களாம். குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளும், வாங்க வந்தவர் ஏமாந்துபோவார். வகுப்பில் இதைச் சொன்ன நாளில் ஒருவருக்கும் இந்தச் சொல் மறக்கவில்லை, மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

‘ஜாஸ் அப்’ மசாலா இல்லை, இசை. அமெரிக்காவின் ஜாஸ் இசையிலிருந்து வந்தது, பகட்டுச் சேர்ப்பது என்ற சாயல் இதற்கு உண்டு. சாதாரணக் கண்டாங்கிச் சேலைக்கு டிசைனர் பிளவுஸ் போட்டால் ஜாஸ் அப் செய்தாயிற்று. (கண்டாங்கி தன்னாலேயே கட்டம் கட்டமாக அரக்கும் மஞ்சளுமாக இருக்கும், அதற்கு என்னத்துக்கு ஜாஸ் என்பது என் சொந்தக் கட்சி.)

பேசும்போது லைவன் அப் போதும். ஆய்வுக் கட்டுரை, பிரோஷர், கொஞ்சம் நடையாக எழுதுகிற கடிதம் என்றால் என்லைவன். ஒரு பக்கத்தில் ஒரு தடவைக்கு மேல் போட்டால் கல்பாசி கூடிப்போன குழம்பு மாதிரி அது மட்டும்தான் தெரியும்.

மெனு கார்டை அடுத்த மாதமே மாற்றி அச்சடித்தோம். கோழிக்குக் கீழே இப்போது இருப்பது, அம்மியில் அரைத்த மசாலாவில் வெந்த நாட்டுக்கோழி என்பதற்கான நேரடி ஆங்கிலம், அகராதியே தேவைப்படாத ஐந்தாறு சொற்கள். பழைய கார்டில் ஒன்றைச் சமையல்காரர் குப்பையில் போட விடவில்லை. அடுப்படிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். சமையல் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களை முதலில் அதன் முன்னால் நிறுத்துகிறார், அவர்கள் படித்துச் சிரித்து முடித்த பிறகுதான் வெங்காயம் உரிக்கக் கொடுக்கிறார்.